தானாக மாறக்கூடாத திரை

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். திருப்பூரில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லேபிள் கம்பெனியில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். பழைய கம்ப்யூட்டர்களை எடைக்குப் போடப் போகிறார்களாம். அதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தபோது, என் பெயரிலிருந்த ஃபோல்டரில் பன்னிரண்டே வரியில் ஒரு ஃபைல் கிடைத்ததாம்.

"ஏனுங்க்கா, இது எதுக்குங்க? பிடிஎஃப் மாறுச்சுன்னா ஸ்கிரீன்ல அதை மறுபடி தொறக்கச் சொல்றாப்புல இருக்குதுங்க. இப்பெல்லாம் சேவ் பண்ணுனா அதுவே மாறிக்குதுங்களே. இதுக்கெல்லாமா புரோகிராம் எழுதுனீங்க?"

"ஆமா, எழுதுனேன்" என்றேன். அவள் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். கெட்ட பெண் இல்லை. அவளுக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கும். அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் தெற்கே, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். பிளஸ் டூ முடித்து டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தேன். பிறகு ஒரு டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகையும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையும் அடித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமானதும் நிட்டிங் மெஷின் ஓட்டும் கணவரோடு திருப்பூர் வந்தேன். நாலைந்து வருடம் அங்கேயும் இங்கேயும் வேலை. அப்புறம் இந்த லேபிள் கம்பெனி. அந்த வருடங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பனியனின் உள்பக்கத் தையலில் ஒரு சின்ன ரிப்பன் இருக்குமே, எப்படித் துவைக்கணும், எத்தனை சதவீதம் காட்டன் என்று பொடி எழுத்தில் போட்டிருக்குமே, அதை அச்சடிப்பதுதான் எங்கள் தொழில். மாடியில் ஆர்ட்வொர்க் ரூம். அங்கே நானும் இன்னொருவரும். கீழே அச்சடிக்கும் தளம். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்புகிற விவரத்தை வைத்து நான் லேபிளை வடிவமைத்து, பிடிஎஃப் ஆக்கி, எல்லாருக்கும் பொதுவான ஃபோல்டரில் போடுவேன். அதை வைத்துக் கீழே அச்சுக்கான பிளேட் எடுப்பார்கள். பிளேட்டை மெஷினில் மாட்டி முதல் பத்து லேபிள் ஓட்டியதும் மெஷினை நிறுத்திவிடுவார்கள். செக்கர் வந்து அந்த ரிப்பனையும் பக்கத்துக் கம்ப்யூட்டர் திரையிலிருக்கும் பிடிஎஃப்பையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, சரியென்றால் ரிப்பனின் ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழுந்த பிறகுதான் மெஷின் மறுபடி ஓடும். லட்சக்கணக்கில் ஓடும்.

செக்கரின் பெயர் தனலட்சுமி. எல்லாருக்கும் தனம். மூலனூர்ப் பக்கத்துக்காரி. கிணறு வற்றிப்போய்க் குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்தவர்கள். பத்தாவது வரைதான் படிப்பு. இங்கிலீஷ் படித்தால் அவளுக்குப் பாதி அர்த்தம் தெரியாது. ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. கமா ஒன்று கால் மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் மாடிப்படி ஏறி வந்துவிடுவாள். "எஸ்தரக்கா, இந்தப் புள்ளி சித்த எறங்கியிருக்குதுங்க, பாருங்க" என்று என் கையில் ரிப்பனைக் கொடுப்பாள். நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அவள் சொன்னது சரியாக இருக்கும்.

மேனேஜர் கிருஷ்ணசாமி சார். அவர் யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கூட்டிப் பெருக்குகிற ஆயாவைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். தெற்கே, அதட்டிப் பேசுகிற முதலாளிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு ஆரம்பத்தில் அது பெரிய மரியாதையாகத் தெரிந்தது. அவர் ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவதும் அதே குரலில்தான் என்று கொஞ்ச நாளில் புரிந்துகொண்டேன். "நாளையிலிருந்து நீங்க சிரமப்பட்டு வர வேண்டாமுங்க கண்ணு" என்பார். வெளியே வந்து நின்ற பிறகுதான் அந்த ஆளுக்கு விஷயமே உறைக்கும்.

மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே எந்தச் செய்தி போனாலும் அவர் வழியாகத்தான் போகணும் என்பது அவர் வைத்த சட்டம். நான் கீழே இன்டர்காமில் நேராகப் பேசக்கூடாது. தனம் ரிப்பனோடு மேலே வருவதே அவருக்குப் பிடிக்காது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கொஞ்ச நாளில், லைசென்ஸ் இல்லாத சாஃப்ட்வேர் வைத்திருந்தால் ரெய்டு வரும் என்று ஊரெல்லாம் பேச்சு. முதலாளி பயந்துபோய், என் டிசைன் கம்ப்யூட்டரைத் தவிர மற்றதிலெல்லாம் காசில்லாத லினக்ஸ் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தவர் அப்புறம் வரவேயில்லை. கருப்புத் திரையில் கட்டளை அடித்தால்தான் பாதி வேலை நடக்கும். கூட வேலை பார்த்தவர் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். நான் தொட்டேன். ஒவ்வொரு கட்டளைக்கும் உள்ளேயே விளக்கம் இருந்தது. டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். என் கணவர், "என்னட்டி, மறுபடியும் பரீட்சை எழுதப் போறியா?" என்று கேலி செய்வார்.

லினக்ஸ் வந்த பிறகு ஒரு சிக்கல் முளைத்தது. முன்பு கீழே ஒரு பிடிஎஃப் திறந்திருந்தால், மாடியிலிருந்து அதே பெயரில் புதிதாக சேவ் செய்ய முடியாது. கம்ப்யூட்டர் மறுத்துவிடும். அது தொல்லைதான், ஆனாலும் ஒரு காவல். லினக்ஸ் மறுக்காது. நான் ஃபைலை மாற்றிவிடலாம். ஆனால் கீழே பிடிஎஃப்பைத் திறந்து காட்ட இருந்த சின்ன வியூவர், காலையில் திறந்தபோது படித்ததையே சாயங்காலம் வரை காட்டிக்கொண்டிருக்கும். மூடித் திறக்க வேண்டும், அல்லது ஆர் என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் திரையில் இருப்பது பழசு என்று யாருக்கும் தெரியாது.

ஒரு தடவை சைஸ் ஒன்று மாறி வந்து, நூலிழையில் தப்பித்தோம். அன்றைக்குத்தான் நோட்டைப் புரட்டினேன். அந்த வியூவரைத் திறக்கும்போதே அதற்கு ஒரு பெயர் வைக்கலாம். பிறகு அந்தப் பெயரைச் சொல்லி வெளியிலிருந்தே ரீலோட் என்று கட்டளை கொடுத்தால், ஃபைலை மறுபடி படித்துப் புதுசைக் காட்டும். அந்தக் கட்டளையைச் சரியான நேரத்தில் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் பன்னிரண்டு வரியில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன புரோகிராம், எழுதினேன். இரண்டு விநாடிக்கு ஒரு தடவை ஃபைலின் நேரத்தைப் பார்க்கும். நேரம் மாறியிருந்தால் வியூவரைக் கூப்பிட்டு ரீலோட் சொல்லும். வியூவருக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்து, தனம் என்று வைத்தேன்.

முதல் நாள் தனத்தைத் திரை முன்னால் நிற்கச் சொல்லிவிட்டு, மாடிக்குப் போய் ஒரு எழுத்தை மாற்றி சேவ் செய்தேன். கீழேயிருந்து சத்தம். "அக்கா, மாறீருச்சுங்க! தானா மாறீருச்சுங்க!" மெஷின் ஓட்டுகிறவர்கள் எல்லாம் வந்து பார்த்தார்களாம். என் வேலை வாழ்க்கையில் அந்த மாதிரி இன்னொரு நாள் எனக்குக் கிடைக்கவில்லை.

நாலைந்து மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் பெங்களூரிலிருந்து பையரின் ஆட்கள் வந்தார்கள். கிருஷ்ணசாமி சார் அவர்களைத் திரை முன்னால் நிறுத்தி எங்கள் ஆர்ட்வொர்க்கைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அது தெரியாமல் மாடியில் நான் பெரிய ஃபைல் ஒன்றை சேவ் செய்தேன். பாதி எழுதியிருக்கும்போதே என் ஸ்கிரிப்ட் அதைத் திறக்கச் சொல்லிவிட்டது. திரை வெள்ளையாகி, ஃபைல் பழுது என்று ஒரு பெட்டி வந்து நின்றது. வந்தவர்களில் ஒருவர் சிரித்தாராம்.

மறுநாள் காலையில் சார் மாடிக்கு வந்தார்.

"எஸ்தருங்க, அந்த ஐட்டத்தை எடுத்துருங்க."

"சார், ராத்திரியே சரி பண்ணிட்டேன். ரெண்டு வாட்டி பாத்து, ஃபைலோட அளவு ஒண்ணா இருந்தாத்தான் இனி திறக்கும். நேத்து மாதிரி வராது, பாத்துக்கிடுங்க."

"நீங்க சரி பண்ணியிருப்பீங்க, நான் இல்லேங்கல. ஆனா ஸ்கிரீன் தானா மாறுறது நமக்கு வேண்டாமுங்க. மாத்தோணும்னா நான் சொன்னா அவங்க மாத்திக்கட்டும்."

"மறந்துட்டா கஷ்டம்லா சார்?"

"நான் மறக்க மாட்டனுங்க" என்று சிரித்தார்.

எடுத்துவிட்டேன். என் ஃபோல்டரில் ஒரு பிரதி மட்டும் வைத்துக்கொண்டேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்துக் குழந்தைகளின் இரவு உடைக்கான லேபிள் ஒன்று வந்தது. லண்டன் ஆர்டர். காலையில் ஆர்ட்வொர்க் கொடுத்து பிளேட்டும் எடுத்துவிட்டார்கள். பதினொரு மணிக்கு மெயில் வந்தது. லேபிளில் ஒரு வரி சேர்க்க வேண்டும், நெருப்பிலிருந்து தள்ளி வைக்கவும் என்று. அந்த நாட்டில் குழந்தைகள் போட்டுத் தூங்கும் துணியில் அந்த எச்சரிக்கை இல்லாவிட்டால் விற்கவே விட மாட்டார்கள். அடுப்பு, ஹீட்டர் பக்கம் போன குழந்தைகளின் துணி பற்றிக்கொண்டதால் வந்த சட்டம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் கால் மணி நேரத்தில் அந்த வரியைச் சேர்த்து, அதே பெயரில் சேவ் செய்துவிட்டு, இன்டர்காமில் சாரைக் கூப்பிட்டேன்.

"சார், நைட் டிரஸ் லேபிள் மாறியிருக்கு. புது பிளேட் எடுக்கணும். கீழ சொல்லிருங்க."

"சரிங்க, சொல்லிர்றேன்" என்றார்.

அவர் சொல்லவில்லை. வங்கிக்கோ வேறெங்கோ போய்விட்டார். கீழே பழைய பிளேட்டை மாட்டி முதல் பத்து லேபிள் ஓட்டினார்கள். திரையிலும் காலையில் திறந்த பழைய பிடிஎஃப். தனம் ஒப்பிட்டாள். ஒரு எழுத்து வித்தியாசமில்லை. கையெழுத்துப் போட்டாள். என் பன்னிரண்டு வரி ஓடிக்கொண்டிருந்தால் திரையில் புது வரி வந்திருக்கும். தனம் ஒரு நிமிடத்தில் மெஷினை நிறுத்தியிருப்பாள்.

லேபிள் போய், துணியில் தைத்து, பெட்டி கட்டிய பிறகு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் கண்டுபிடித்தார். நல்லவேளை, கப்பல் ஏறவில்லை. அத்தனை உடுப்பிலும் தையலைப் பிரித்துப் புது லேபிள் வைக்க வேண்டியதாயிற்று. அந்த உடுப்பைத் தைத்த கார்மென்ட் கம்பெனிக்காரர் நேரில் வந்து எங்கள் முதலாளியைக் கண்டபடி பேசிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் நான் பையை வைப்பதற்குள் கிருஷ்ணசாமி சார் என் மேஜைக்கு வந்துவிட்டார்.

"எஸ்தருங்க, ஒரு நோட்டீஸ் அடிக்கோணும். கீழ ஸ்கிரீன் பக்கத்துல ஒட்டறதுக்கு. 'ஒப்பிடும் முன் ஆர் பொத்தானை அழுத்தவும்'னு பெருசாப் போட்டுருங்க. கீழ என் பேரு."

நல்லதுதானே என்று அடித்தேன்.

"தேதி மட்டும் ரெண்டு மாசம் முந்திப் போட்டுருங்க."

கை நின்றது. அவரைப் பார்த்தேன். அவர் என் மேஜையிலிருந்த என் மகளின் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பா என்ன படிக்குதுங்க?" என்று கேட்டார். பிளஸ் ஒன் என்றேன். "நல்லாப் படிக்கட்டுங்க" என்றார். மிரட்டினார் என்று சொல்ல முடியாது. நான் தேதியைப் போட்டேன்.

பத்து மணிக்கு முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். சார், தனம், நான், பிளேட் எடுப்பவர். மேஜையில் தனம் கையெழுத்துப் போட்ட ரிப்பன். பக்கத்தில் கீழேயிருந்து பிய்த்து எடுத்து வந்த நோட்டீஸ்.

"ஸ்கிரீன்ல இருந்ததும் ரிப்பன்ல இருந்ததும் ஒண்ணுதானுங்க" என்றாள் தனம். "ஒரு எழுத்து மாறலீங்க. நான் ரெண்டு தடவை பாத்தனுங்க."

"ஸ்கிரீன்ல இருந்தது பழசுங்க கண்ணு" என்றார் சார். "ஆர் அழுத்திப் பாக்கோணும்னு ரெண்டு மாசமா ஒட்டி வெச்சிருக்குதுங்களே. நீங்க பாக்கலீங்களா?"

தனம் அந்த நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தாள். "இல்லீங்க. அது இன்னைக்குக் காலையிலதானுங்க ஒட்டுனது. நான் வர்றப்பத்தான் ஒட்டிட்டிருந்தாங்க."

சார் வருத்தமாக இருப்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார். முதலாளி பிளேட் எடுப்பவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். அப்புறம் முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"எஸ்தரம்மா, இது நீங்க அடிச்சதுங்களா?"

"ஆமா சார்."

"எப்ப அடிச்சீங்க?"

தனம் என்னைப் பார்த்தாள்.

"தேதி அதுலயே இருக்கு சார்" என்றேன்.

பொய் சொல்லவில்லை என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வதற்காக அந்த வார்த்தைகள் எங்கிருந்தோ வந்து விழுந்தன. முதலாளி ரிப்பனைத் தள்ளி வைத்தார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கிருஷ்ணசாமி சார் தனத்தை வாசல் வரை கூட்டிக்கொண்டு போனார். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

மாடிக்கு வந்து, லினக்ஸ் இருந்த இன்னொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு பிடிஎஃப் எப்போது உருவானது என்று காட்டுவதற்கென்றே லினக்ஸில் ஒரு கட்டளை உண்டு. நான் பிடிஎஃப்பாகச் செய்திருந்த அந்த நோட்டீஸின் பெயரைக் கொடுத்து அடித்தேன். அன்றைய தேதி, காலை ஒன்பது இருபது என்று காட்டியது. அதைப் பிரிண்ட் எடுத்து மடித்து, சாப்பாட்டுப் பையில் வைத்தேன். முதலாளி தனியாக இருக்கும்போது போய்க் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அன்று அவர் தனியாக இல்லை. மறுநாள் இருந்தார், நான் போகவில்லை. மூன்றாம் நாள் தனத்தின் இடத்தில் ஒரு புதுப் பெண் நின்றாள். அன்று சாயங்காலம் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். குடும்பச் சூழ்நிலை என்று பிறகு எத்தனையோ காரணம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். என் கணவருக்கு வேலை இருந்தது. என்னை விலக்கியிருந்தாலும் பட்டினி கிடந்திருக்க மாட்டோம். பயந்தேன், அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் கார்மென்ட் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இனி இப்படி நடக்காமலிருக்க என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று. சார் என் மேஜைக்கு வந்தார்.

"ஸ்கிரீன் தானா மாறுற ஐட்டம் ஒண்ணு வெச்சிருந்தீங்களே, அதை மறுபடி போட்டுருங்க."

போட்டேன். ஐந்து நிமிட வேலை. பதில் கடிதத்தை நான்தான் டைப் செய்தேன். ஆட்டோமேட்டிக் ஆர்ட்வொர்க் அப்டேட் சிஸ்டம் நிறுவப்பட்டுள்ளது, பொறுப்பாளர் கிருஷ்ணசாமி. அதற்குப் பிறகு ஆடிட் வந்த போதெல்லாம் அவர் வந்தவர்களை அந்தத் திரை முன்னால் நிறுத்தி, எனக்கு போன் போட்டு ஏதாவது ஒரு எழுத்தை மாற்றச் சொல்வார். திரை மாறும். எல்லாரும் தலையாட்டுவார்கள். இரண்டு வருடத்தில் ஜெனரல் மேனேஜர் ஆகிவிட்டார். ஸ்கிரிப்டில் வியூவரின் பெயரை நான் மாற்றவில்லை. ஃபைல் மாறும்போதெல்லாம் அது தனத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

திருப்பூரில் லேபிள் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். நெருப்பு லேபிளில் கோட்டை விட்ட பெண் என்று தனத்தின் பெயர் பரவிவிட்டது. அவளைச் செக்கராக யாரும் எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை.

அது நடந்து நான்கு வருடம் கழித்து இருக்கும். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனிக்கு அவசரமாக லேபிள் சாம்பிள் கொண்டுபோனேன். மதியச் சாப்பாட்டு நேரம். தையல் மெஷின்கள் நின்றிருந்தன. பின்பக்கம் வேப்பமரத்தடியில் பெண்கள் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார்கள். அதில் தனம். டெய்லருக்கு வெட்டுத்துணியை எடுத்துக் கொடுக்கிற கைமடி வேலை. பதினாறு வயசுப் பெண்கள் பார்க்கிற வேலை. அவளுக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. முடியில் பஞ்சுத் தூசி.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் டிபன் பாக்ஸை மூடி வைத்தாள்.

"தனம், அந்த நோட்டீஸ்ல தேதிய முந்திப் போட்டது நான்தான். சார் சொன்னாரு. அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும்."

"தெரியுமுங்க" என்றாள்.

"பயந்துட்டேன்."

"அதுவும் தெரியுமுங்க." டிபன் பாக்ஸின் மூடியை அழுத்திவிட்டாள். பிறகு சொன்னாள்: "அந்த சாரு மேல எனக்குக் கோவமே இல்லீங்க. அவரு அப்படித்தான்னு எல்லாருக்கும் தெரியும். முதலாளி உங்ககிட்ட திரும்பிக் கேட்டாரு பாருங்க, அப்பத்தானுங்க எனக்கு உசுரே வந்துச்சு. எஸ்தரக்கா சொல்லீருவாங்கன்னு நெனச்சேன். வெளிய வர்ற வரைக்கும் நெனச்சுட்டேதான் வந்தேன். பஸ் ஏறுற வரைக்கும்."

"நான் முதலாளிகிட்ட இப்பச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். கேட்கும்போதே அது எவ்வளவு அற்பமான கேள்வி என்று எனக்குத் தெரிந்தது.

"இப்பச் சொல்லி?"

மணி அடித்தது. பெண்கள் எழுந்து சேலையை உதறிக்கொண்டு உள்ளே போனார்கள். தனமும் எழுந்தாள். அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் டிபன் பாக்ஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நேரமாச்சுங்க. லைன்ல தேடுவாங்க." இரண்டடி போய்விட்டு, மரியாதை குறையக்கூடாதே என்பதுபோல் நின்று திரும்பினாள்.

"போயிட்டு வாங்க மேடம்" என்றாள்.

அதற்கு முன்னால் அவள் என்னை ஒரு நாளும் மேடம் என்று கூப்பிட்டதில்லை.